பின்னட்டையில் வந்த ஊர்ப்பெயர்

கவிதை எழுதும் இளம் மருத்துவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான். நேரம் கிடைத்துவிடும். ஓ.பி. கூட்டம் கலைந்து, பிரசவ அறையும் காலியாக இருக்கும் பிற்பகலில் கிடைக்கும். இரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணியைக் கோயம்புத்தூரில் சேர்த்துவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மலையேறும் பஸ்ஸில் கிடைக்கும். வளைவுகளில் எழுத முடியாது, குமட்டும். ஆனால் இரண்டு வரியை மனத்துக்குள் உருட்டிக்கொண்டே வரலாம். நான் மாட்டிக்கொண்டது அவர்கள் கேட்காமல் விட்டுவிடும் விஷயங்களில். புத்தகம் போடுகிறவரிடம் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும், நோயாளியின் வாழ்க்கையிலிருந்து வந்த வரியை எந்த அளவுக்கு மாற்ற வேண்டும், அலுவலகத்தில் என்ன சொல்லிவைக்க வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடமும் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாயும் மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் சமவெளிக்காரி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் வேலை கிடைத்து, நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உதவி மருத்துவராக வந்தேன். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும். எங்கள் பகுதியில் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்கள் இருக்கின்றன. இருளர், குறும்பர் குடியிருப்புகள் இருக்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் லயன்கள், அதாவது வரிசை வீடுகள், இருக்கின்றன. மலையில் இருக்கும் டாக்டர் கவிதை எழுதுகிறார் என்றால் எல்லோரும் குறிஞ்சிப்பூவையும் மூடுபனியையும் எதிர்பார்க்கிறார்கள். பனி மூடினால் 108 வண்டி ஊர்ந்துதான் வரும். வலி எடுத்தவளின் வீட்டுக்காரர் வாசலில் நின்று சாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். என் பனிக் கவிதைகள் எல்லாம் அந்த வாசலில் பிறந்தவை. பத்திரிகைகளுக்கு அவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டாக்டருக்கு எதற்குக் கவிதை என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். பழைய சித்த மருத்துவ நூல்கள் பெரும்பாலும் செய்யுளில்தான் இருக்கின்றன என்று சொல்லிப் பார்ப்பேன், எடுபடாது. மருத்துவர் ரொனால்ட் ராஸைச் சொன்னால் கொஞ்சம் எடுபடும். 1897இல் அவர் ஊட்டிக்கு வந்திருந்தார். மலேரியாவை ஆராய்கிறேன் என்று சீகூர்ச் சரிவில் இறங்கித் தானே மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்தராபாத்தில், அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு அதைப் பற்றிக் கவிதையும் எழுதினார். 1902இல் நோபல் பரிசு வந்தது. நான் பெருமையாகச் சொல்லிவந்த இந்தக் கதையில் உசேன் கான் என்று ஒரு நோயாளி உண்டு. ராஸ் வளர்த்த கொசுக்கள் அவரைத்தான் கடித்தன. கொசுவுக்கு ஓர் அணா கூலி. ராஸின் கவிதையில் கடவுள் வருகிறார், மரணம் வருகிறது, உசேன் கான் வரவில்லை. ஆனால் ராஸின் பதிவுகளில் பெயரோடு இருக்கிறார். அதனால் மலேரியா வரலாற்றை எழுதும் எல்லோரும் அந்தப் பெயரை எழுதுகிறார்கள். உன் பெயரைப் போடட்டுமா என்று யாராவது அந்த மனிதரைக் கேட்டிருப்பார்களா என்ற கேள்வி எனக்குப் பல காலம் தோன்றவே இல்லை.

என் சிக்கல் லயனில் இருக்கும் ஒரு பெரியவரிடமிருந்து தொடங்கியது. அவருக்குக் காசநோய். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்று பதறி ஓடிவந்தார். ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யும் என்று விளக்கினேன். "அப்படியானால் மருந்து உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது" என்று தெளிந்தார். அவர் கையை விட்டு இறங்காத பித்தளை வெற்றிலைப் பெட்டி ஒன்று உண்டு. விழுங்கி முடித்த மாத்திரை அட்டைகளை எறிய மாட்டார். நீளவாக்கில் மடித்து, பாக்கு இருக்க வேண்டிய அறையில் அடுக்கிவைப்பார். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் மேசை மேல் பெட்டியைத் திறந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பரப்பி, காலியான குமிழ்களைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டுவார். "எண்ணிக்கொள்ளுங்கள் டாக்டரம்மா, ஒன்றைக்கூட விடவில்லை."

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, நோயின் பெயரும் இல்லை. ஒரு சிற்றிதழில் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை நெறிமுறைகளில், நோயாளியின் அடையாளம் தெரியும்படியாக அவரைப் பற்றிய விவரங்களையோ படத்தையோ அனுமதியின்றி எந்த இதழிலும் வெளியிடக் கூடாது என்று இருக்கிறது. அடையாளம் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதில்தான் மலைக்கும் நகரத்துக்கும் வித்தியாசம். சென்னையில் பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு லயனில் பெயர் தேவையே இல்லை, பெட்டி போதும். சிற்றிதழில் வந்தபோது அந்தக் கவிதை எந்த ஊரைச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாததால்தான் அது பத்திரமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் சமவெளி நகரம் ஒன்றிலிருந்து ஒரு பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். தொகுப்பு போடலாம், டாக்டர் கவிஞர் என்றால் தனி மதிப்பு என்றார். டாக்டர் என்றால் கையில் பணம் இருக்கும் என்பதுதான் அவர் சொன்ன மதிப்பு. 96 பக்கம், 500 பிரதி, 75,000 ரூபாய். பிறகு ஐ.எஸ்.பி.என். எனும் புத்தக அடையாள எண்ணுக்கென்று 3,000 வாங்கினார். இந்தியாவில் அந்த எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. ராஜாராம் மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. நூலக ஆணை கட்டாயம் வரும், போட்ட பணம் திரும்பிவிடும் என்று சொல்லி அதற்கான செலவுக்கென 12,000 வாங்கினார். ஆணை வரவில்லை. பொது நூலகத் துறை தேர்வு செய்துதான் புத்தகம் வாங்குகிறது. ஆணை வரும் என்று முன்கூட்டியே உறுதி சொல்லும் பதிப்பாளரிடம் அந்த உறுதியை எழுதிக் கேளுங்கள், பேச்சு உடனே மாறும். இதே வேலையைப் பாதிப் பணத்துக்குள் முடித்திருக்கலாம் என்று ஈரோட்டு அச்சகக்காரர் ஒருவர் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டியபோது எனக்கு அன்று முழுக்க யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஒப்பந்தம் ஒரே பக்கம். எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கு என்று ஒரு வரி இருந்தது. எத்தனை காலத்துக்கு என்று இல்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமையை எழுத்தில், கையெழுத்துடன்தான் மாற்றித் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். அவர் அவசரத்தில் விட்ட வரி எனக்கு நல்லதாகப் போயிற்று. உங்களுக்கு அப்படி அமையும் என்று நம்பியிருக்க வேண்டாம். காலத்தை நீங்களே எழுதச் சொல்லுங்கள். உள்பக்கங்களுக்கு மெய்ப்பு அனுப்பினார், நானும் ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். அட்டையைக் கேட்டேன். வந்ததும் பாருங்கள், அசந்துபோவீர்கள் என்றார்.

அசந்துதான் போனேன். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஓர் அக்டோபர் மாலையில் பார்சல் வந்தது. ஏற்றுக்கூலி 6,000 ரூபாயும் என் தலையில்தான். பின்னட்டையில், என் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்த புகைப்படம், வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக. கீழே என் பட்டம், நான் வேலை செய்யும் சுகாதார நிலையத்தின் பெயர், ஊர், அதற்கும் கீழே ஒரு வரி: இக்கவிதைகளில் வருபவர்கள் அனைவரும் இவர் சிகிச்சை அளித்த உண்மையான நோயாளிகள். நான் மின்னஞ்சலில் அனுப்பிய குறிப்பில் என் பெயரும் பிறந்த ஊரும் மட்டுமே இருந்தன. தொலைபேசியில் கத்தினேன். "விளம்பரம்தானே மேடம், உங்களுக்கு நல்லதுதானே" என்றார். ஏற்கெனவே சில கடைகளுக்கும் சில விமர்சகர்களுக்கும் பிரதிகள் போய்விட்டிருந்தன.

கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கடையில் அதைப் பார்த்துவிட்டான். நம் ஊர் டாக்டரம்மா என்ற பெருமையில் பின்னட்டையையும் பெட்டிக் கவிதையையும் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரியவருக்கு என்ன நோய் என்பது அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்தது. இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறார் என்றுதான் வெளியில் சொல்லியிருந்தார்கள். தினமும் அட்டை அட்டையாக மாத்திரை, அதுவும் மாதக்கணக்கில் என்றால் மலையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த ஒரு நல்ல காரியப் பேச்சு நின்றுபோயிற்று. என்னைக் கலங்க வைத்தது அதற்கு அடுத்தது. வீட்டிலிருந்த சிறு குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். குழந்தையின் தாய் வருவதை நிறுத்திவிட்டார். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போனார், கதவைத் திறக்கவில்லை. ஒரு கவிதையால் ஒரு குழந்தையின் மருந்து நிற்கிறது என்பதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. பல இரவுகள் தூங்கவில்லை. ஓ.பி.யில் ஒரு பெண் வெள்ளைப்படுதல் பற்றிச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, "இதையும் எழுதிவிடுவீர்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

பின்னட்டையின் நகலோடு யாரோ புகார் மனு அனுப்ப, அனுமதியின்றி நூல் வெளியிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. 17 பி வரும் பார் என்று நண்பர் பயமுறுத்தினார். அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: 17 ஏ சிறு தண்டனைக்கான வழி, 17 பி பெரிய தண்டனைக்கானது. அவ்வளவு தூரம் போகவில்லை. விளக்கத்தை ஏற்று, எச்சரித்து முடித்தார்கள். ஆனால் கோப்பு உயிரோடு இருந்த மாதங்களில் எனக்குத் தடையின்மைச் சான்று கையெழுத்தாகவில்லை. மலைப் பணிக்கான ஊக்க மதிப்பெண்ணை நம்பி முதுநிலைப் படிப்புக்குத் தயாராகியிருந்தேன். அந்த ஆண்டு கைவிட்டுப் போனது. விளக்கக் கடிதத்தை முதலில் நான்கு பக்கம் உருக்கமாக எழுதியிருந்தேன். நல்ல வேளையாக, ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் அதைக் கிழிக்கச் சொன்னார். ஒரு பக்கம், தேதி வாரியாக, கூடவே நான் அனுப்பிய மின்னஞ்சலின் நகல். பின்னட்டை வாசகம் என்னுடையது அல்ல என்பதை அந்த மின்னஞ்சல்தான் நிரூபித்தது. ஆசிரியர் குறிப்பைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. இலக்கியம்தானே, அனுமதி எதற்கு என்று மூத்தவர்கள் சிலர் சொல்வார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்ற தலைப்பைப் போட்டு, கையெழுத்துப் பிரதி தயாரானதுமே அனுமதி கேட்டு எழுதி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையில் இருந்தாலும் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்பதுதான் உத்தமம்.

மீதிப் பிரதிகளில் ஒட்ட ஸ்டிக்கர் அடித்தேன், 3,000 ரூபாய். ஒட்டுவதற்குள் மழை முந்திக்கொண்டது. குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தவற்றைக் கார்த்திகை கடைசியில் இழுத்துப் பார்த்தால், லேமினேஷன் ஓரங்கள் சுருண்டு, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பின்னட்டைப் படத்தில் என் வெள்ளைக் கோட்டு முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சணம். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மலையில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் மருந்தாளுநர் சொன்ன யோசனை இது: தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், மரப்பலகை மேல் அடுக்குங்கள், பீரோவுக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தாளில் படாமல் தொங்கவிட்டு எரியவிடுங்கள். எல்.இ.டி. பல்பில் சூடு வராது, பயனில்லை. 500 பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்பதும் பழைய கதை. இப்போது 50 பிரதிகூட அச்சிட்டுத் தருகிறார்கள். தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

பெரியவர் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வர நாளாயிற்று. சிகிச்சை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்ற முடிவு வந்த பிறகு, செவிலியரைக் கூட்டிக்கொண்டு போனேன். மருமகள் தேநீர் கொடுத்தார், பேசவில்லை. பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கவிதையைப் படித்துக் காட்டச் சொன்னார். வாய்விட்டுப் படித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. துருவேறிய பெட்டி என்று ஒரு வரியில் எழுதியிருந்தேன். அங்கே கையைக் காட்டி நிறுத்தினார். "பித்தளை துருப்பிடிக்காது டாக்டரம்மா. களிம்புதான் ஏறும். நான் அதையும் புளி போட்டுத் துலக்கித்தான் வைத்திருக்கிறேன்." கவிதையில் வேறு எதைப் பற்றியும் அவர் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது, குழந்தைக்கு மாத்திரை மறுபடி எப்போதிலிருந்து என்று மருமகள் செவிலியரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. இதை எழுதுவதற்கு முன்னும் பெரியவரிடம் கேட்டேன். பெட்டி இருக்கட்டும், அதுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே; நோயின் பெயரும் இருக்கட்டும், குணமாகும் என்று நாலு பேருக்குத் தெரியட்டும்; வீட்டு விஷயத்தை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றியிருக்கிறேன். அந்த நல்ல காரியம் பிறகு என்னவாயிற்று என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

இப்போது அனுமதி கேட்பதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சிகிச்சை நடக்கும்போது கேட்பதில்லை. மருந்து என் கையில் இருக்கும்வரை யாரும் எனக்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். முடிந்த பிறகு, கவிதையைப் படித்துக் காட்டி, வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள் என்று விட்டுவிடுவேன். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றுதான் பொருள். அனுமதி கேட்க முடியாதவற்றுக்கு வேறு சோதனை: எங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் படித்துக் காட்டுவேன். எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது அவருக்கு அத்துப்படி. கவிதை நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. யார் என்று தெரிகிறதா என்று மட்டும் கேட்பேன். ஒரு நொடி யோசித்துவிட்டு ஆளைச் சொல்லிவிட்டால் அது அச்சுக்குப் போகாது. இப்படி நல்ல கவிதைகள் சில என் நோட்டிலேயே கிடக்கின்றன, வருத்தம்தான். பெயரையும் ஊரையும் மாற்றினால் அவர் ஏமாறுவதே இல்லை. கையில் இருக்கும் பொருளையும் பேச்சில் வரும் ஒரு சொல்லையும் மாற்றினால்தான் ஏமாறுகிறார். ஓ.பி. சீட்டின் பின்புறம் எழுதுவதையும் விட்டேன். முன்புறம் ஒருவருடைய பெயரும் வயதும் இருக்கிறது. ஒரு மரணம் நடந்த இரவில் எழுதியது கேஸ் ஷீட் போலத்தான் இருக்கும், விவரங்கள் அத்தனையும் பச்சையாக நிற்கும். அதைச் சில மாதம் தொடாமல் வைத்தால் விவரங்கள் தாமாக உதிர்கின்றன, மிஞ்சுவது பெரும்பாலும் என்னைப் பற்றியதாக இருக்கிறது.

இரண்டாவது தொகுப்புக்கு வேறு பதிப்பாளர். அச்சுச் செலவு அவருடையது, எனக்கு உரிமைத்தொகை குறைவு. காலம் மூன்று ஆண்டு என்று எழுதியிருக்கிறோம். முன்னட்டை, பின்னட்டை, ஆசிரியர் குறிப்பு, விளம்பர வாசகம் எதுவும் என் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அச்சாகக் கூடாது, பணியிடமும் டாக்டர் என்ற அடைமொழியும் எங்கும் வரக் கூடாது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். டாக்டர் என்று போடாவிட்டால் விற்காது என்று இரண்டு வாரம் வாதாடினார், பிறகு கையெழுத்துப் போட்டார். அனுமதி கேட்ட விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்கிறது, ஒப்புகை என்னிடம் இருக்கிறது. பதில் வந்த பிறகுதான் பிரதியை அனுப்புவேன்.